பின் சீட்டுக்காரங்களும் பழவேற்காட்டுச் சோறும்

வாடகைக் கார் ஓட்டுறவன் பொழப்பு இன்னான்னா, அவன் நேரா ரோட்டப் பாத்துக்கினு, பின்னால குந்திக்கினு இருக்கிறவங்களுக்கு ஊரையெல்லாம் அழகாக் காட்டணும். ஸ்டீரிங் புடிச்சவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, நீங்களும் பட்டிருப்பீங்க.

அறுபதுங்களோட கடைசி. பொன்னேரி ஸ்டேஷன் வாசல்ல நம்ம வண்டி நிக்கும். ஞாயித்துக்கெழம ஆனா மெட்ராஸ்காரங்க ரயில்ல வந்து எறங்குவாங்க. காலைல பழவேற்காடு ஏரி, மத்தியானம் மீன் சோறு, சாயங்கால ரயிலுக்கு ரிட்டன். எனக்கு ஒரே ஒரு வியாதி. யாரு பேசுனாலும் அவங்க மாதிரியே பேசிக் காட்டிடுவேன். சவாரி வந்த ஒரு வக்கீலு இருமுனாரு, நானும் அதே மாதிரி இருமிட்டேன். மனுசன் நேரா மொதலாளிகிட்ட போயிட்டாரு.

மொதலாளி நாயுடு பொடியப் போட்டுக்கினு மூக்காலயே சொன்னாரு: "நைனா, இந்த சீசன்ல இன்னொரு புகாரு வந்திச்சின்னா, சாவிய வச்சிட்டு ஜல்லி லாரிக்குப் போயிடு." கும்மிடிப்பூண்டி பக்கம் பாக்டரி கட்ட ஆரம்பிச்ச நேரம் அது. ஜல்லி லாரின்னா நாள் பூரா தூசி, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு கெடையாது. என்னிய மாதிரி வாய்க்காரனுக்கு அது ஜெயிலு.

செவந்த எலை

தை மாசம் ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க. வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவங்க. "அங்கெல்லாம் எலை உதிர்ற சீசன்ல மரமே பத்தி எரியற மாதிரி செவந்து நிக்கும். இங்க என்ன இருக்கு?"ன்னாரு அவரு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பழவேற்காட்டுல டச்சுக்காரங்க கல்லறை பக்கத்துல ஒரு பாதாங்கொட்ட மரம் இருக்கு, அதுக்கு அடியில கொண்டுபோயி நிறுத்தினேன். மரம் பூரா செவப்பு. கீழயும் செவப்பு எலைங்க பாய் விரிச்ச மாதிரி.

ரெண்டு பேரும் துணிய விரிச்சு, கட்டிக்கினு வந்த இட்லியப் பிரிச்சாங்க. எலைக்கு நடுவுல செவ்வெறும்பு இருந்தத நானும் பாக்கல, அவங்களும் பாக்கல. அந்தாளு எழுந்து ஆடுனாரு பாருங்க ஒரு ஆட்டம்! அத அப்பிடியே ஆடிக் காட்டணும்னு என் காலு துடிக்குது. ஜல்லி லாரிய நெனச்சு அடக்கிக்கினேன். அந்தம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சிக்கினு சொன்னாங்க: "ஏங்க, அங்கயும் எலை விழுந்துது. நீங்க ஒரு நாளாவது இப்பிடி ஆடுனீங்களா?"

பூநாரை

அடுத்த வாரம் ஒரு பாங்கிக்காரரு, கழுத்துல பைனாகுலரு. நம்ம தோஸ்து கன்னியப்பன் படகுல ஏத்திக்கினு போனோம். ஏரிக்கு நடுவுல பூநாரைங்க கூட்டமா தலையக் கவுத்துக்கினு மேயுது. "வெறும் வெள்ளையாதானே இருக்கு? இதுக்கா இவ்ளோ தூரம்?"னு மொணகுறாரு. புகாரு வாசம் அடிச்சிது எனக்கு. பதட்டத்துல வாயி அதுபாட்டுக்குத் தொறந்துக்கிச்சு. பூநாரை மாதிரியே ஒரு கத்து கத்திட்டேன்.

மொத்தக் கூட்டமும் எழும்பிடுச்சு. கன்னியப்பன் தலையில அடிச்சிக்கினான். நான் மனசுக்குள்ள ஜல்லி அள்ள ஆரம்பிச்சிட்டேன். ஆனா றெக்கைய விரிச்சதும் உள்ளார இருந்த செவப்பெல்லாம் வெளிய வந்து, வானம் பூரா குங்குமம் கொட்டுன மாதிரி ஆயிடுச்சு. அவரு பைனாகுலர எறக்கவே இல்ல. "யோவ் டிரைவர், அதுங்க திரும்பி வந்து குந்தட்டும். இன்னொரு தபா கத்துய்யா!"

பாடு இல்லாத நாளு

அப்பால வந்தவரு புது பாக்டரிக்கு வந்த ஒரு ஆபீசரு. "ஏரியில இருந்து எடுத்த மீன் அப்பிடியே இலைக்கு வரணும்"னாரு. "கண்டிப்பா சார்"னு வாக்கு குடுத்துட்டேன். அங்க பாடுன்னு ஒண்ணு உண்டு. நல்ல எடத்துல எல்லாரும் ஒண்ணா வலை போடக்கூடாது, மொற வச்சுதான் போடணும். அன்னிக்குக் கன்னியப்பன் பாடுன்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். போயிப் பாத்தா வலை காஞ்சிக்கினு தொங்குது. "ஊர்ல ஒரு சாவு விழுந்துச்சு மச்சான். ஒரு நாளு யாரும் ஏரில எறங்கல. என் பாடு நாளைக்குத் தள்ளிப் போச்சு"ன்றான்.

ஆபீசரு மொகம் கறுத்துடுச்சு. "ஏரி இருக்கு, வலை இருக்கு, படகு இருக்கு. எறங்கிப் போட வேண்டியதுதானே?" கன்னியப்பன் அசரல. "எல்லாம் இருக்கு சார், மொற இல்ல. இன்னிக்கு நான் எறங்குனா நாளைக்கு எனக்கு ஏரியே இல்ல." அவரு என் பக்கம் திரும்பி, "உங்க மொதலாளிகிட்ட பேசிக்கறேன்"னாரு. அதுக்குள்ள கன்னியப்பன் பொஞ்சாதி அஞ்சலை ஒரு தட்டுல கேவுரு களியும் கருவாட்டுக் கொழம்பும் வச்சிக்கினு வந்து நின்னுச்சு: "பாடு இல்லாத நாளு நாங்க துன்றது இதான் சார். ஒரு வாயி வச்சிட்டு அப்பால கோச்சிக்கோங்க."

மொதலாளி கூப்புட்டாரு

ஆபீசரு தட்ட வழிச்சு நக்கினாரு. நேரா போயி வண்டியில குந்திக்கினாரு. நான் திரும்பி வர்ற வழி பூரா வாயத் தொறக்கல. எதுனா ஒளறி, இருக்கிற கோவத்த ஏத்தி வுடுவானேன்? அவரு கண்ணாடியில என்னியே பாத்துக்கினு வந்தாரு. பொன்னேரில எறங்கி, கதவ டமார்னு சாத்திட்டுப் போயிட்டாரு.

மறுநாளு மொதலாளி கூப்புட்டாரு. "ஆபீசரு போன் பண்ணாரு. கருவாட்டுக் கொழம்பு பிரமாதமாம். மீனு இல்லாதது பரவால்லியாம்." எனக்கு உசுரு வந்திச்சு. சந்தோஷத்துல அவரு மூக்குக் கொரல்லயே, "ரொம்ப தேங்க்ஸ் நைனா"ன்னுட்டேன். அவரு நிதானமா ஒரு சிட்டிக பொடியப் போட்டுக்கினு சொன்னாரு: "பூநாரை மாதிரி கத்துற டிரைவருன்னு பாங்கிக்காரரு சொல்லித்தான் அவரு நம்ம வண்டியவே கேட்டு வந்தாராம், நீ ஊமையாட்டம் ஓட்டிக்கினு வந்தியாமே, புகாரு புகாருதான் நைனா, சாவிய வையி."

ஜல்லிக் கல்லு மீனு கேக்காது, சீனரி கேக்காது, புகாரு சொல்லாது, ஆனா நான் நாயுடு மாதிரி எவ்ளோ நல்லாப் பேசிக் காட்டுனாலும் ஒண்ணாவது சிரிக்கணுமே!