மங்காத பல்ப்

அத்தான் செய்த பெட்டி ஒரு பழைய பிஸ்கட் தகரம். மூடியில் திருப்புகிற குமிழ்கள் மூன்று. ஒரு லொறிப் பற்றரியிலிருந்து மூன்று வழி பிரிந்தது: ஒன்று விளக்குக்கு, ஒன்று றேடியோவுக்கு, ஒன்று பிள்ளைக்கு. அக்காவுக்கு மாதம் நிறையாமல் பிறந்த பெண்பிள்ளை, மரப்பெட்டியில் பஞ்சுக்குள் கிடந்தது. சூட்டுக்காகப் பக்கத்தில் ஒரு பல்ப். மார்கழி மழை. சண்டைக் காலம், கரண்ட் இல்லை. எங்கள் ஊர் உப்புவெளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஊரடங்கு விடவில்லை.

அதுவரை நாங்கள் எல்லாரும் பற்றரியில் நேரே வயரைக் கொழுவியவர்கள். ஒன்றைப் போட்டால் மற்றது மங்கும். தடைக் கம்பி வைத்துக் குறைத்தால் மிச்ச மின்சாரம் சூடாகி வீணாய்ப் போய்விடும். றேடியோ திருத்துகிற அத்தானின் பெட்டியோ மின்சாரத்தைக் கணத்துக்குக் கணம் திறந்து மூடி, வேண்டியதை மட்டும் விட்டது. ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டும் அசையாது. தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குளிர்ந்திருந்தால் முகம் மலரும். “பார், வீணாப் போறதெண்டு ஒண்டுமில்லை.”

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: வாய் மூன்று, சோற்றுப் பானை ஒன்று. “பற்றரி காணுமோ அத்தான்?” என்று அரித்துக்கொண்டே இருந்தேன்.

“உனக்குப் பயம்தான் சாப்பாடு. பல்ப் மங்கினாச் சொல்லு, றேடியோவை நிப்பாட்டுவம்.”

விளக்கு மங்கினால் பற்றரி களைத்துவிட்டது. அந்த நாட்களில் எல்லார் வீட்டுக் கணக்கும் அதுதான். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வீட்டில் இருந்த முஸ்லிம் பெண், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், செய்தி கேட்க வந்திருந்தார். அவருடைய கணவர் அங்கேயே அகப்பட்டிருந்தார். “தம்பி, மூதூர்க் கதை ஏதும் சொல்றாங்களா?” அவரிடம் எப்படி றேடியோ போட ஏலாது என்பது? மழை இருட்டில் விளக்கும் எரிந்தது. நான் பிள்ளையின் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கவேயில்லை. பற்றரி இறங்க இறங்க, பெட்டி கூடக் கூட உறிஞ்சி வெளிச்சத்தை அப்படியே வைத்திருந்திருக்கிறது. மத்தியானச் செய்திக்கு நடுவே, மூன்றும் ஒன்றாக அணைந்தன.

அக்கா பிள்ளையைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்தாள். ராத்தா தன் முக்காட்டைக் கழற்றிச் சுற்றினார். அத்தான் ஊரடங்கையும் பாராமல் பற்றரி தேடி மழைக்குள் ஓடினார். அவர் கொண்டு வந்தபோது பிள்ளை குளிர்ந்திருந்தது; அதைக் கொழுவத் தேவையிருக்கவில்லை.

பிறகும் அத்தான் பெட்டிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பல்பைப் பெட்டி வழியாக விடாமல் பற்றரியோடு நேரே கொழுவிவிடுவார். “என்ன அண்ணை, இது ஒண்டு மட்டும் மங்குது!” என்று முறைப்பாடு வரும். “அது மங்கத்தான் வேணும்,” என்பார். காரணம் கேட்டால் எழுந்து குசினி அடுப்புப் பக்கம் போய்விடுவார்.

இப்போது வீட்டில் எந்த நேரமும் கரண்ட். எல்லா விளக்கும் ஒரே சீராக எரிகிறபோதுதான் என் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். எழுந்து போய் ஏதாவது ஒன்றை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன்.