சம்மதத்துக்குக் காத்திருந்த வெங்காய விதை

ஜெர்மனியில் சின்ன ஊர் ஒன்றில், பல நாட்டுப் பயிர் விதைகளைச் சேகரித்துக் காக்கும் விதை வங்கியில் ரோஸ்விதா டெமுத் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். கேட்டவர்களுக்கு விதையை உறையிலிட்டு அனுப்புவதுதான் வேலை. ஆரம்பத்தில் ஒரு தபால் அட்டை வந்தாலே போதும், மறுநாள் விதை கிளம்பிவிடும். பிறகு நாடுகள் கூடி ஒப்பந்தங்கள் போட்டன. கோதுமை, பார்லி எல்லாம் பொதுப் பட்டியலில் ஏறின. அவற்றுக்கு ஒரே படிவம் போதும். வெங்காயம் பட்டியலில் இல்லை. அது எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டின் சம்மதம் வேண்டும்.

2012 வசந்தத்தில் காகசஸ் மலையிலிருந்து சியூரி என்ற பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார்:

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க எங்க வீட்ல சாப்பிட்டுட்டு, எங்க செவப்பு வெங்காய விதைய ஒரு கை அள்ளிட்டுப் போனாங்க. போன வருஷம் அழுகல் நோய் வந்து எங்ககிட்ட இருந்ததெல்லாம் போச்சு. கொஞ்சம் திருப்பித் தருவீங்களா?"

குளிர் அறையில் விதை பத்திரமாக இருந்தது. ரோஸ்விதா கடிதத்தோடு தலைவர் டாக்டர் ஃபோல்க்மாரிடம் போனார்.

"சம்மதக் கடிதம் இருக்கா?" என்றார் அவர்.

"அவங்க வெங்காயம் டாக்டர். அவங்களுக்கே குடுக்க யாரு சம்மதம் தரணும்?"

"அவங்க அரசாங்கம். அந்த மாதிரி ஊரை யாரும் சுரண்டிடக் கூடாதுன்னுதானே இந்தச் சட்டமே."

"நல்லா காப்பாத்துறோம் போங்க. அந்த ஊர்க்காரங்ககிட்டருந்தே காப்பாத்துறோம்."

ஃபோல்க்மார் சிரிக்கவில்லை. "எழுதிக் கேளுங்க ரோஸ்விதா. வேற வழியில்ல."

எழுதினார். அந்த நாட்டுத் தலைநகர் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் போட்டார். சம்மதம் வந்து சேர நாலு வருடம் ஆயிற்று. அன்றே தன் கையால் உறையை ஒட்டி அனுப்பினார்.

சியூரியின் பதில் நகரத்து முகவரியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம்; அவர் நகரத்தில் மகன் வீட்டுக்குக் குடிபோய்விட்டாராம். "மாடியில தொட்டியில போட்டேன். மொளச்சுது. ஆனா வெங்காயம் நெல்லிக்கா அளவுதான் பருத்துது. காரமும் இல்ல. மலையில விதைக்க இப்ப அங்க யாரும் இல்ல. உங்க மேல கோபமில்லம்மா."

அந்தக் கடைசி வரிதான் ரோஸ்விதாவைக் குடைந்தது.

ஓய்வு பெற்ற நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள்: "அன்னைக்கே அந்த வெங்காய விதைய யாருக்கும் தெரியாம அனுப்பியிருக்கலாம்னு தோணலையா?"

"இல்ல. சட்டம் சரிதான். இந்த மாதிரி ஊர்கள்லருந்து எத்தனை பேரு கேக்காம விதைய அள்ளிட்டுப் போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்." கேக்கை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். "ஆனா தலைநகருக்கு ஃபோன் பண்ணியிருக்கலாம். தினமும் பண்ணித் தொந்தரவு குடுத்திருக்கலாம். கடிதம் போட்டதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."