பட்டன் டயரும் விளக்கெண்ணெயும்

சென்னையில் பனி பெய்ததில்லை, பெய்யப்போவதுமில்லை. ஆனாலும் பனியில் லாரி ஓட்டுவது எப்படி என்பது ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அத்துப்படி. காரணம் என் நைனா. சுதந்திரம் வந்த புதிதில் பட்டாளத்து லாரியோடு காஷ்மீரப் பக்கம் போய், ஒரு குளிர்காலம் முழுக்க மலையில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். பட்டாளத்தை விட்டதும் ராயபுரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். கடற்கரைக்கும், அங்கிருந்து எண்ணூர் வரைக்கும் மீன்காரர்களுக்கு ஐஸ் கொண்டுபோகிற வேலை. ஐஸும் பனியும் ஒன்றுதானே என்று நாங்கள் கேட்டால், ஒன்றுமறியாத ஜென்மங்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்ப்பார்.

மழை தூறினால் போதும், அவருக்கு மலை ஞாபகம் வந்துவிடும். "பனியில பிரேக்க மிதிச்சியோ, தீர்ந்துது. சின்ன கியர்ல போட்டு அதும்பாட்டுக்கு எறங்க வுடணும். ரோடு நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சா பத்தாது கண்ணு, டயருக்குத் தெரியணும்" என்பார். வெயில் நாளில்கூட, சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றுவது எப்படி என்று அம்மாவின் சோற்றுப்பானைக்குத் தாம்புக்கயிற்றைச் சுற்றிக் காட்டுவார். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவில் எத்தனை தூரம் விட வேண்டும் என்பதற்குத் தெருவையே அளந்து காட்டுவார். "மண்டையப் பொளக்குது வெயிலு, இவரு பனியில வண்டி வுட்டுகினு கீறாரு" என்று அம்மா பானையைப் பிடுங்கிக்கொண்டு போவாள். தெருவில் அவருக்குப் பனி டிரைவர் என்று பெயர். ஏழு வயது வரை எனக்கு அதில் பெருமைதான். ஒன்பது வயதில் அது மானக்கேடாகிவிட்டது.

நைனா ஓட்டியது உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட லாரி. பாசி படிந்த பச்சை, முகத்தில் அடிபட்டதுபோல ஒரு மூக்கு. முதலாளி புதிதாகச் சிவப்பு லாரி ஒன்று வாங்கினார். மூத்த டிரைவர் என்பதால் அதை நைனாவுக்குத்தான் கொடுக்க வந்தார். நாங்களெல்லாம் ஐஸ் ஷெட் வாசலில் கூடி நின்றோம். நைனா புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரின் கோடுகளுக்குள் கட்டைவிரலை விட்டு அமுக்கிப் பார்த்தார்.

"வண்டி ஜோராத்தான் கீது முதலாளி. ஆனா நம்ம சரிவுக்கு இந்த டயரு புடிக்காது. எனக்குப் பழசே போதும்" என்றார்.

சரிவு என்று அவர் சொன்னது ஷெட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் வழியை. கருங்கல் பாவியது. வருஷம் முழுக்க ஐஸ் உருகிய தண்ணீர் அதில் வழிந்துகொண்டே இருக்கும். பழைய லாரியின் டயரில் வெல்லக்கட்டி அளவுக்குப் பட்டன்கள் துருத்திக்கொண்டிருக்கும். அந்த ஈரக் கல்லை அவைதான் கவ்விப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. தினமும் காலையில் உட்கார்ந்து, பட்டன்களின் இடுக்கில் சிக்கிய கல்லையும் சேற்றையும் ஆணியால் நோண்டி எடுப்பார். அதன் பிறகு உள்ளங்கையால் ஒவ்வொரு டயரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

சிவப்பு லாரி எங்கள் எதிர்வீட்டு டிரைவருக்குப் போயிற்று. அவர் மகள் என் வகுப்பு. எனக்கு அவள் சினேகிதியா எதிரியா என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. "உங்க நைனாக்குப் புது வண்டின்னா பயமாமே. எங்கப்பா சொல்லிகினு இருந்தாரு" என்றாள் ஒருநாள். எனக்குக் குப்பென்று முகம் சூடாகிவிட்டது. அதற்குத் தகுந்தாற்போல நைனாவும் மழை நாளில் ஊர்ந்துதான் ஓட்டுவார். டோல்கேட் போகிற வழியில் மாட்டுவண்டிக்காரன் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். பள்ளிக்கூடத்தில் விட என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வேன். காதில் தோடு கழன்றுவிட்டது, தேடுகிறேன் என்பேன். அந்தத் தோட்டை எத்தனை முறை தேடியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஐஸ் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் எங்களுக்குத் தீபாவளிக்கு முந்திய தீபாவளி. லாரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரி கடலை கொடுத்து, கடைசியில் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டோல்கேட் வரை ஒரு சுற்றுப் போய் வருவார்கள். மத்தியானம் இரண்டு வண்டிகளும் அலங்காரத்தோடு நின்றன. எதிர்வீட்டுப் பெண் எங்கள் லாரியைப் பார்த்துவிட்டு, "டயரப் பாரு, சேத்துல பொரண்ட எருமக்காலு மாதிரி கீது" என்றாள். அவர்கள் வண்டியின் டயர் கறுகறுவென்று மின்னியது. புது டயர் தானாகவே அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவள் ஏதோ பூசியிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

நைனாவும் மற்றவர்களும் குளிக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம். அம்மா எங்கள் தலைக்கு வைக்கும் விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். சட்டியின் அடிக் கரியைச் சுரண்டி அதில் குழைத்தேன். ஷெட்டுக்கு ஓடிவந்து, பழைய பாவாடைத் துணியால் ஒரு டயர் விடாமல் பூசினேன். கண்ணுக்குத் தெரிகிற பக்கவாட்டில் மட்டும் பூசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கோ எதையும் முழுதாகச் செய்ய வேண்டும் என்ற புத்தி. பட்டன்களின் மேல், இடுக்கில், கல்லைத் தொடுகிற பக்கமெல்லாம் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். அந்தக் கிழட்டு வண்டிக்கும் ஒரு களை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சாம்பல் போட்டுக் கையைக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

நைனா வெள்ளைச் சட்டையில் வந்தார். பூஜை முடிந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும், என் தம்பி உட்பட, சிவப்பு லாரியில்தான் அடித்துப் பிடித்து ஏறினார்கள். எங்கள் வண்டியில் நான் ஒருத்திதான். சிவப்பு லாரி கிளம்பிச் சரிவில் இறங்கியது. நைனா வழக்கம்போல டயரைத் தடவிப் பார்க்கக் குனிந்தார். கையில் எண்ணெய் ஒட்டினால் திட்டுவாரே என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வா நைனா, அவங்க போயிட்டாங்க. காலையிலயே பாத்துட்டியே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். நான் கூப்பிட்டு அவர் வராமல் இருந்ததில்லை.

சின்ன கியரில்தான் இறங்கினார், தூரம் விட்டுத்தான் போனார். சரிவின் முடிவில் குறுக்கே ஒரு ஜட்கா வண்டி வர, சிவப்பு லாரி நின்றது. நைனா மெள்ளப் பிரேக்கைத் தொட்டார். எங்கள் லாரி நிற்கவில்லை. சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எதிரே சிவப்பு லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என் தம்பியும் மற்றப் பிள்ளைகளும் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். நைனா பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். சக்கரம் சுற்றியது. வலப்பக்கமாக, தான் உட்கார்ந்திருந்த பக்கமாக, ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி சரிவின் அடியில் இருந்த ஷெட்டின் வாசல் தூணில் போய் மோதியது. தூண் சரிந்தது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் கொட்டியது. அவர் நெற்றி கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். எனக்கு ஒரு கீறலும் இல்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ அவர் நெற்றியில் துணியைக் கட்டினார்கள். எதிர்வீட்டு டிரைவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பார்த்து, "பனியில ஓட்டுனவரு, தூறலுக்கே வழுக்கிட்டாரே" என்றார். சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவரத் தாமே போனார்.

கூட்டம் கலைந்ததும் நைனா இறங்கி முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். டயரைத் தடவினார். விரலை மூக்கின் அருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். விளக்கெண்ணெய் வாசனை என் மேல்தான் வீசிக்கொண்டிருந்தது, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"கண்ணு, ஒரு குடம் தண்ணி கொண்டா" என்றார்.

ஐஸ் உருகாமலிருக்கக் கொட்டி வைத்திருந்த மரத்தூளை இரண்டு கையாலும் அள்ளிவந்து டயர்களைத் தேய்த்தார். நான் ஓடி ஓடித் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினேன். அவர் பட்டன் இடுக்குகளை ஆணியால் நோண்டினார். நான் சோப்பு கொண்டுவந்தேன். "ஊத்து, இங்க ஊத்து" என்று இடம் காட்டினார். பிறகு சரிவில் படிந்திருந்த கறுப்புத் தடத்தின் மேலும் மரத்தூளைப் போட்டுப் பெருக்கித் தள்ளினார்.

மெக்கானிக் வந்து பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். முதலாளி நைனாவிடம் வந்து நின்றார்.

"வண்டில ஒரு கொறையும் இல்லயாம்பா. அப்ப இன்னா ஆச்சு?"

"என் காலு தப்பிடுச்சு முதலாளி."

"பழைய வண்டிதான் வேணும்னு நீதானே கேட்ட?"

"ஆமா. தப்பு என்னுதுதான்."

சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். முதலாளி கெட்டவரில்லை, வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அதன் பிறகு நைனா அந்தக் கம்பெனியில் வண்டி ஓட்டவில்லை. தலையில் கோணியைக் கொங்காணி போட்டுக்கொண்டு முதுகில் ஐஸ் பார் சுமந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் முதுகில் தண்ணீர் வழிய நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். "பட்டாளத்துல ஓட்டுனேன்னு பீத்திகினியே, தெருமுனை தாண்ட முடியல" என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "இன்னாத்துக்குடி உங்க நைனா இடிச்சாரு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டபோது, "பயந்துட்டிருப்பாரு" என்று சொன்னேன். எண்ணெய் பூசியதைக்கூட அறியாமை என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

வெகுகாலம் வரை அன்று தப்பித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். கறுப்பைக் கண்டு அழுக்கு என்று நைனா கழுவினார், நல்லவேளையாக அதில் என் குட்டு மறைந்தது, மெக்கானிக்கும் தாமதமாக வந்தார் என்று சாமிக்கு நன்றிகூடச் சொன்னேன். அந்த எண்ணெயை ஒரே ஒரு டயரில் விட்டுவைத்திருந்தாலும் அவர் சாவி அவரிடமே இருந்திருக்கும். ஆனால் மெக்கானிக் வருவதற்குள் அது ஒரு சொட்டில்லாமல் போய்விட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அவசரம். நான் எனக்காக அவசரப்பட்டேன். அவரும் எனக்காகத்தான் அவசரப்பட்டார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.