வெர்னெல் புக்கரும் ஒரு குதிகாலும்

வெர்னெல் புக்கர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. மிசிசிப்பி டெல்டாவில் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் அவள் செவிலி உதவியாளர். நான் அங்கே சமையலறையில் வேலை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்திலும் தட்டைக் கையில் ஏந்தி, சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியேதான் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டால் எழுந்துபோய்ச் சர்ச் வாசலில் நிற்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் எட்டு இடம் மாறி, ஒன்பதாவதாக எங்களிடம் வந்தவள்.

"நாற்காலின்னா உனக்கு முள்ளா குத்துதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உக்காந்தா, யாரையோ திருப்பிப் போட மறந்துட்ட மாதிரியே இருக்கு" என்றாள்.

திருப்பிப் போடுவதுதான் அவள் வேலை. தானாகப் புரள முடியாதவர்களை, படுக்கைப்புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பாள். விரிப்பில் சுருக்கம் இருந்தால் நீவி விடுவாள். ஈரத் தோலைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். எலும்பு துருத்தும் இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த மார்ச்சில் ஹோரஸ் பெட்டிஸ் என்பவர் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வந்து சேர்ந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதிக்காரர். எங்களைப் போலவே கறுப்பர், அதிலும் நல்ல ஆழ்ந்த நிறம். மல்லாந்து படுத்து டிவி பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் இசையமாட்டார்.

"ஐயா, இந்தப் பக்கம் திரும்பணும்."

"அங்க சுவருதான் இருக்கு. முப்பது வருஷம் நேராப் பாத்து வண்டி ஓட்டினவனை சுவரைப் பாக்கச் சொல்றியா?"

"கண்ணை மூடிக்குங்க. காத்து வேண்டியது உங்க பின்பக்கத்துக்கு."

"என் பொண்டாட்டிகூட அதைப் பத்தி இவ்வளவு கவலைப்பட்டதில்லை, மிஸ் வெர்னெல்."

நாலாம் நாள் அவர் காலைத் துடைக்கும்போது இடது குதிகால் வலதைவிடச் சூடாக இருப்பதை அவள் கை கண்டுகொண்டது. லேசாக அழுத்தினாள். அளவுக்கு மீறிக் கனிந்த பீச் பழம்போல உள்வாங்கியது. அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பார்வைக்கு ஒன்றுமே இல்லை.

பொறுப்பு நர்ஸ் ரொவீனாவிடம் ஓடினாள். அவளும் எங்களைப் போலக் கறுப்பினத்து ஆள்தான். நாற்பத்தொரு பேருக்கு அந்த ஷிப்டில் அவள் ஒருத்திதான் நர்ஸ்.

"சிவந்திருக்கா?" என்று கேட்டாள் ரொவீனா.

"அவர் தோல்ல எங்கேருந்து சிவக்கும்? தொட்டுப் பாரு."

ரொவீனா வந்து விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நிறம் மாறியிருந்தாத்தான் ஃபாரத்துல எழுத இடமிருக்கு." தோல் நலம் என்று எழுதிவிட்டுப் போனாள்.

வெர்னெல் அவர் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை வைத்தாள். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. மறுநாள் வந்து பார்த்தால் அந்தத் தலையணை அவர் தலைக்கடியில் கிடந்தது. டிவி சரியாகத் தெரியவில்லை என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. துணி துவைக்கப் போனவள் பாதியிலேயே எந்திரத்தை விட்டுவிட்டு இல்லத்துக்கு வந்து நின்றாள்.

"மிஸ் வெர்னெல், நேரம் பதியாம உள்ள வந்தா எனக்குத்தான் திட்டு விழும்" என்றாள் ரொவீனா.

"வேலை பாக்க வரல. பார்வையாளர் நேரம்தானே? பாக்க வந்தேன்."

"யாரை?"

"ஒரு குதிகாலை."

அன்று சமையலறைப் பின்கதவருகே அவளைப் பிடித்து நிறுத்தினேன். "இதுக்கு ஏன் இப்படி அலையற?" அப்போதுதான் தன் அண்ணன் லூஷியஸைப் பற்றிச் சொன்னாள். குளத்தில் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்து முறிந்து படுத்த படுக்கையானவன். முப்பத்து நாலு வயதில் ஒரு படுக்கைப்புண்ணில் சீழ் வைத்து, அது ரத்தத்தில் கலந்து இறந்துபோனான். "சாகறதுக்கு ஆறு நாள் முன்னாடிகூட தோல் நலம்னுதான் எழுதியிருந்தாங்க. நான் படிச்சேன்" என்றாள். மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

வியாழன்தோறும் புண் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, மிசஸ் லாட்னர், வெளியிலிருந்து வருவாள். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் பார்ப்பாள். பெட்டிஸ் பட்டியலில் இல்லை. அவள் புறப்பட்டுக் காரைக் கிளப்பும்போது வெர்னெல் கண்ணாடியைத் தட்டினாள்.

"அம்மா, அஞ்சு நிமிஷம். என் கை தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா வீட்டுக்குப் போறேன்."

மிசஸ் லாட்னர் என்ன நினைத்தாளோ, காரை அணைத்துவிட்டு இறங்கினாள். குதிகாலை ஈரத்துணியால் ஒற்றி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இரண்டு கால்களையும் மாறி மாறித் தொட்டாள். ஓரத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் நிழலாக ஒரு வட்டம் தெரிந்தது.

"உள்ளே சதை நசுங்கியிருக்கு. மேல்தோல் இன்னும் தாங்குது. இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா புண்ணாத் திறந்திருக்கும்" என்றாள். பெட்டிஸிடம் மறைக்காமல் சொன்னாள்: "சர்க்கரை இருக்கு. இது திறந்தா பாதமே போகலாம்."

அவர் டிவியை அணைத்தார். பிறகு வெர்னெலிடம், "சுவரு இருக்கற பக்கம் திரும்பணும்னுதானே சொன்ன?" என்றார்.

டிவி வைத்திருந்த சக்கர மேசையை வெர்னெல் அன்றே சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டாள். அதற்குப் பிறகு அவரைத் திருப்பும்போதெல்லாம் அதையும் திருப்பினாள். குதிகாலுக்குப் பஞ்சு வைத்த காலுறை வந்தது. நான் காலையில், சதை தேறட்டும் என்று, அவருடைய கிரிட்ஸ் என்கிற சோளக்கஞ்சிக் கிண்ணத்தோடு இரண்டு முட்டை கூடுதலாக அனுப்பினேன்.

அடுத்த வாரம் நிர்வாகி வெர்னெலைக் கூப்பிட்டுப் பொறுப்பு நர்ஸைத் தாண்டிப் போனதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். ரொவீனா சமையலறைக்கு வந்து என் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பாத்தேன். விளக்குப் போட்டுத்தானே பாத்தேன்" என்று அதையே சொன்னாள். அன்றிலிருந்து அவளும் புறங்கையால் தொட ஆரம்பித்தாள். ஃபாரத்தின் ஓரத்தில் பேனாவால் சூடு, மென்மை, வலி என்று தானே எழுதிவைப்பாள்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. குதிகால் கறுத்து, காய்ந்து, மே கடைசியில் தோலுரிந்து ஆறியது. ஆனால் வால் எலும்பின் மேல் ஏப்ரலில் சின்னதாக ஒரு புண் திறந்துவிட்டது. அது ஆற ஜூலை ஆயிற்று. பெட்டிஸ் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களாலும் நடந்து, மெம்ஃபிஸில் மகள் வீட்டுக்குப் போனார்.

கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி ரொவீனா இரண்டு முறை நிர்வாகியிடம் போனாள். எடுக்கவில்லை. செப்டம்பரில் வெர்னெல் மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்கன்சாவில் ஓர் இல்லத்துக்கு மாறிப்போனாள். முதல் வாரமே போன் செய்தாள். ஒரு கிழவிக்கு ஆக்ஸிஜன் குழாய் காதுமடலின் பின்புறத்தை அறுத்திருந்ததாம்.

"யாருமே காதுக்குப் பின்னால பாக்கலையாம். எனக்கு எப்படித் தூக்கம் வரும், நீயே சொல்லு" என்றாள்.