ஆடிக் கூழும் ஒரு குமிழியும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். எங்கள் தெருவில் சோதனைக் குழாயைக் கையில் பிடித்து வேலை செய்த முதல் பெண்ணும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான் இண்டர்மீடியட் தேறிய அன்று, கொத்தனாரான என் அப்பா நாங்கள் இருந்த ஜீவனஹள்ளி முழுக்க நடந்து சொல்லிவிட்டு வந்தார். அவர் வாயால் செய்ததை நான் எழுத்தில் செய்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது கண்டோன்மெண்டில் தண்ணீர் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கிணற்றுத் தண்ணீரைச் சத்துக் கரைசல் உள்ள குழாய்களில் விட்டு, சூட்டுப் பெட்டியில் வைப்போம். கழிவு கலந்த தண்ணீர் என்றால் கிருமி பெருகி வாயு உண்டாகும். உள்ளே கவிழ்த்து வைத்த குட்டிக் குழாயில் அது குமிழியாக நிற்கும். குமிழி நிறைய இருந்தால் கிணற்றை மூடச் சொல்வோம். ஒன்றும் இல்லாவிட்டால் குடிக்கலாம் என்போம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தொல்லை.

ஓர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, எங்கள் தெருக் கிணற்றின் தண்ணீர் அப்படி நடுவில் நின்றது. எல்லாக் குழாயும் சுத்தம். தண்ணீர் அதிகம் விட்ட குழாய் ஒன்றில் மட்டும் கடுகளவு குமிழி. மண்ணில் இயல்பாக இருக்கும் தீங்கில்லாத கிருமிகூட அப்படிச் செய்யும். எது என்று தெரிய மறுசோதனை வேண்டும். அது முடிய திங்கட்கிழமை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமையோ எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். மழைத் தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பேட்டையில் வாந்திபேதி என்று பேச்சு. கூழுக்குச் சொம்பை ஏந்திக்கொண்டு முதலில் வந்து நிற்பவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள்தான்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் மல்லேஸ்வரத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்றார்.

“அதுவரைக்கும் கிணத்த மூடச் சொல்லலாம் சார்.”

“ஒரு குமிழிக்காகவா? ஏம்மா, உங்க தெருங்கறதால பயமா?”

“எந்தத் தெருவா இருந்தாலும் இதான் சொல்வேன்.”

“அப்படியா? போன மாசம் அல்சூர் கிணத்துல இதே மாதிரி ஒரு குமிழி. ‘பொறுத்துப் பாக்கலாம்’னு நான் சொன்னப்போ நீங்களும் தலையாட்டினேளே?”

பிடித்துவிட்டார். ஆனால் எனக்குப் பதில் இருந்தது.

“அல்சூர்ல ரெண்டு நாள்ல யாரும் ஊருக்கே கூழ் ஊத்தல சார்.”

“கூழ்னா காய்ச்சறதுதானே? கொதிச்சா கிருமி செத்துடும்.”

“சனிக்கிழமை களி மாதிரி காய்ச்சி வெச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை பச்சைத் தண்ணியும் மோரும் விட்டுக் கரைச்சுத்தான் ஊத்துவாங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம தண்ணியப் பத்திச் சொல்லணும்மா. குடிக்கறவாளப் பத்தி யோசிச்சா தராசு சாஞ்சுடும்.”

“நீங்க யோசிக்காமலா சார் மூட வேணாம்கறீங்க?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். வேலைக்கு வந்த புதிதில், இதே போல ஒரு சந்தேகத்தை நம்பி ஒரு கிணற்றை மூடச் சொன்னாராம். அந்த ஜனங்களுக்கு வேறு கிணறு இல்லை. குட்டைத் தண்ணீரை மொண்டு குடித்துப் படுத்துவிட்டார்கள். மறுசோதனையில் கிணறு சுத்தம் என்று தெரிந்தது. “அதுலேர்ந்து மூடுன்னு சொல்ல நாக்கு வரமாட்டேங்கறது” என்றார்.

அப்போதுதான் எங்கள் சண்டை எனக்கு விளங்கியது. குமிழியைப் பற்றி எங்களுக்குள் ஒரு வேற்றுமையும் இல்லை. அது எனக்காகப் பெரிதாகவும் ஆகாது, அவருக்காகச் சிறிதாகவும் ஆகாது. நல்ல கிணற்றை மூடிவிடுவோமோ என்று அவர் பயந்தார். கெட்ட கிணற்றைத் திறந்து விட்டுவிடுவோமோ என்று நான் பயந்தேன். எவ்வளவு தெரிந்தால் போதும் என்பதைக் குழாய் சொல்லாது. தவறிப்போனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்து, நாம்தான் சொல்ல வேண்டும். சாயும் என்று அவர் பயந்த தராசு ஏற்கெனவே சாய்ந்துதான் இருந்தது. அவருக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்.

கிணற்றை மூட வேண்டாம் என்று முடிவு செய்தோம். மறுசோதனை முடியும்வரை காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கவோ கரைக்கவோ கூடாது என்று எழுதினோம். ‘கரைக்கவோ’ என்ற சொல்லைச் சேர்த்தவர் அவர்தான்.

எழுதுவது சுலபம். அந்த வருஷம் கூழ் ஊற்றும் பொறுப்பு அப்பாவுடையது.

“அம்மன் கூழ வெந்நீல கரைக்கறதா? இன்னாடி பேச்சு இது?” என்று சாயங்காலம் கத்தினார். “தண்ணி கெட்டுப்போச்சா இல்லியா, அத்தச் சொல்லு.”

“தெரியாதுப்பா.”

“தெரியாதா? இதுக்கா படிக்க வெச்சேன்?”

எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள். “படிச்சவ கண்ணுக்குக் கெணத்துல பூதம் தெரியுதுண்ணா. நமக்குத் தவளதான் தெரியுது.”

தெருவே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால், “தெரியாது” என்பதை மாற்றி, “கெட்டுப்போச்சு” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அது பொய்.

“வாந்திபேதி வந்தா புள்ளைங்க தாங்காதுப்பா. வராமலும் போகலாம். வெறகு போனா போகட்டும்னுதான் சொல்றேன்.”

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “சும்னே, வெட்டியா எதுக்குக் கத்தறீங்க?” என்றாள் அப்பாவிடம். “வெந்நி ஆறினா தண்ணிதானே. அம்மன் இன்னா, நாக்கையா சுட்டுக்கப் போறா?”

சனிக்கிழமை கூழ்ப் பானை இறங்கியதும் அதே அடுப்பில் அண்டா ஏறியது. ஈர விறகு புகைந்தது. அப்பா என்னோடு பேசவில்லை. ஆனால் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர் அவர்தான். ஆறிய நீரை வெள்ளைத் துணியால் மூடி வைத்தாள் அம்மா. மறுநாள் கூழ் குடித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள். சொம்பை நீட்டி மறுபடியும் வாங்கிக் குடித்தார்கள்.

திங்கட்கிழமை மறுசோதனை முடிந்தது. வெறும் மண் கிருமி. “நல்லதாப் போச்சும்மா” என்றார் மேலதிகாரி. ‘நான் சொன்னதுதான் சரி’ என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டில் அப்பா காத்திருந்தார். “இன்னா ஆச்சு?”

“கெணறு சுத்தம்ப்பா.”

“பாத்தியா! நான் சொன்னதுதான் சரி.”

“நீங்க சொன்னது திங்கக்கிழமைதாம்ப்பா சரியாச்சு. வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாது.”

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே கை கால் கழுவப் போனார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, பூதம் எங்கே என்று கேலி செய்த எதிர்வீட்டு அத்தையிடம் அவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “திங்கக்கிழமை தெரிஞ்சத வெச்சு வெள்ளிக்கிழமைய நக்கல் பண்ணாதம்மே!”