லிஃப்டுக்குள் பிறந்த நட்சத்திரங்கள்

சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் ஓய்வுபெற்றவர்கள் ஞாயிறு மாலைகளில் மாடிக் கூடத்தில் கூடுவோம். ஒருவர் பேசுவார், முடிந்ததும் சுண்டல். சுண்டல் வந்துவிட்டால் அப்புறம் ஒருவரும் உட்காரமாட்டார்கள். என் முறைக்காகப் பதினோரு ஞாயிறு காத்திருந்தேன். அடுத்த முறை வரும்போது நான் இருப்பேனா என்பதும் என் கணக்கில் உண்டு.

என் முறை வந்த அன்று லிஃப்டில் என்னோடு ஏறியவர் முதல் மாடி அம்மாள். சுண்டல் அவர் முறை, கையில் எவர்சில்வர் தூக்கு. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போய்விட்டது.

செல்போன் வெளிச்சத்தில் மின்விசிறி மூடியின் துளைகளை எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தாறு. ஒன்றிலும் காற்று இல்லை.

“எண்ணாதீங்க சார். மிச்சமிருக்கற மூச்ச எண்ணற மாதிரி இருக்கு. மேல பேச வெச்சிருந்தத இங்க பேசுங்க.”

பேசினேன். சில விண்மீன் திரள்களில் நம்முடையதைவிடப் பல மடங்கு வேகத்தில் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. பெரும்பாலும் இரண்டு திரள்கள் நெருங்கி ஒன்றையொன்று இழுக்கும்போது, வாயுவெல்லாம் நடுவில் வந்து நெருக்கும்.

“தாம்பரத்துல காலைல ட்ரெய்ன்ல ஏறற மாதிரியா?”

“இல்லம்மா, அங்க புழுங்கும். சூடான வாயு விரியத்தான் பார்க்கும். தூசி படிஞ்ச மேகத்துக்குள்ள நல்லா குளிர்ந்தாதான் தன் பாரத்துல தானே சுருங்கி நட்சத்திரமாகும்.”

“அப்ப இங்க ஒண்ணும் பொறக்காது.” முந்தானையால் விசிறிக்கொண்டார்.

தலைக்கு மேல் மூன்றாம் மாடிக் கதவு கொஞ்சம் நகர்ந்தது. வாட்ச்மேனின் முகம். “சார், மெக்கானிக் டிராஃபிக்ல மாட்டிக்கினு கீறாராம். அரை மணி ஆவும்.”

பின்னாலிருந்து சங்கச் செயலாளரின் குரல். “சுண்டல் உள்ளயா இருக்கு? முதல்ல அதக் குடுங்க, ஊசிப்போயிடும்.”

“குடுக்காதீங்கம்மா” என்றேன்.

“சாரோட பேச்சு?” என்று அம்மாள் மேலே பார்த்துக் கேட்டார்.

“அதுக்கென்ன, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

அந்த இடைவெளியில் தூக்கு போகும், நான் போகமாட்டேன். அம்மாள் தயங்கித் தயங்கித்தான் தூக்கிக் கொடுத்தார். என் தலையில் நாலு கடலை விழுந்தது. செருப்புச் சத்தம் மாடியேறிப் போனது, கொஞ்ச நேரத்தில் தட்டுகளின் சத்தம். முடிந்தது.

“நட்சத்திரம் இவ்வளவு வேகமா பொறந்தா வாயு சீக்கிரம் தீர்ந்துடும்” என்றேன். “பெரிய நட்சத்திரங்க வெடிச்சு, மிச்சத்தையும் வெளிய தள்ளிடும். அப்புறம் அடங்கிடும்.” கடைசியில் சொல்ல வைத்திருந்தது அது.

அவர் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். “தூசிக்குள்ள பொறக்குதுன்னீங்களே. தூசி மறைச்சா நமக்கு எப்படித் தெரியும்?”

மாடியில் ஒருவரும் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

“வெளிச்சத்த தூசி முழுங்கிடும். ஆனா அதுல தூசியே சூடாகும். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாத ஒளியா வெளிய வரும். அத வாங்கற தொலைநோக்கி...”

மேலே கைகழுவும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தினேன்.

“மெதுவாவே சொல்லுங்க சார்” என்றார். “மெக்கானிக் இன்னும் வரல.”