என் கைக்கு ஒரு மவுஸ்

அந்த முதலாளியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் பாறசாலைப் பக்கம் தமிழும் மலையாளமும் ஒன்றுபோலத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் அப்போது குறைவு. எனக்கும் ஆரியங்கோட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. அதனால் சகித்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் கடைசி. டி.டி.பி. சென்டர் என்று பலகை வைத்த ஒற்றை அறைக் கடை. கல்யாண அழைப்பிதழ், சபைக் கன்வென்ஷன் நோட்டீஸ், கோயில் உற்சவ நோட்டீஸ், பொழியூரிலிருந்து மீன்பிடி வள்ளத்துக்குப் பேர் எழுத வருகிறவர்களுக்கு அலங்கார எழுத்து. ஒரே ஒரு கம்ப்யூட்டர். மதியம் வரை நான் உட்காருவேன். மதியத்துக்குப் பிறகு முதலாளியின் கொழுந்தியாள், அதாவது அவர் மனைவியின் தங்கை, உட்காருவாள். கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டிலேயே அவளும் இருந்தாள். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். மற்றபடி அக்கா என்பதற்கு அவளிடம் ஒன்றும் கிடையாது. நான் செய்து வைத்த வேலையில் பிழை கண்டுபிடித்து அத்தானிடம் காட்டுவதுதான் அவளுடைய மதிய வேலையின் முதல் பாகம்.

கம்ப்யூட்டர் இருந்தது ஒரு தேக்கு மேசையில். முதலாளியின் அப்பா ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில் செய்வித்தது. கம்பீரமான மேசை, மறுக்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்தால் அதன் விளிம்பு என் நெஞ்சுக்கு வரும். மானிட்டரும் கீபோர்டும் வைத்த பிறகு மேலே இடமில்லாததால் மவுஸை வலது பக்கம் ஸ்கேனர் வைத்த ஸ்டாண்டின் மூலையில் வைத்திருந்தார்கள். ஸ்டாண்டு மேசையைவிடவும் உயரம். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவளைப் போல நான் கையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்தேன். படங்களின் ஓரத்தை மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தெடுக்கும் வேலை அதிகம். குத்துவிளக்கு, சிலுவை, மயில். அடியில் உருண்டை வைத்த மவுஸ் அது. உள்ளே தூசி சேர்ந்தால் திரையில் அம்பு நகராது. நகராதபோது கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும்.

முதலில் மணிக்கட்டில் ஓர் இழுப்பு. பிறகு பெருவிரலின் அடியில் வலி. அப்புறம் காலையில் எழுந்தால் விரல்கள் மரத்துக் கிடக்கும். ஒரு நாள் சோற்றுப்பானையை இறக்கும்போது கை விட்டுவிட்டது. கஞ்சித்தண்ணீர் அம்மாவின் காலில் விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

முதலாளியிடம் சொன்னேன். வாடிக்கையாளர் ரெண்டு பேர் நிற்கும்போது சொன்னது என் தப்பு.

"கை வேதனையா? எலியப் பிடிச்சிட்டு இருக்கியதுக்கு வேதனையா?" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எட்டி, உங்க ஊருல விடியறதுக்கு முன்ன எழும்பி ரப்பர் வெட்டுகானுவளே, அவனுவளுக்கு இல்லாத வேதனை உனக்கு எங்கேருந்து வந்துது?"

வந்தவர்களும் சிரித்தார்கள். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மகள் கல்யாணக் கார்டுக்கு வந்த அப்பனும் மாமனும். அவர்கள் கார்டில் மணப்பெண்ணின் பெயருக்கு மேலே ஒரு மயிலை நான் வரைந்துகொண்டிருந்தேன். அந்த மயிலின் ஒவ்வொரு இறகையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

நெய்யாற்றின்கரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். நடுவயதுப் பெண், மலையாளம்தான் பேசுவார். கையைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, "இருந்து ஜோலி செய்யுந்தது எங்ஙனே? காணிக்கு" என்றார். அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டினேன். பாதி காட்டுவதற்குள்ளேயே போதும் என்று நிறுத்திவிட்டார்.

"மோளே, இதுக்கு மருந்து தந்நால் மருந்து தீரும், வேதன தீரில்லா."

பிறகு நிதானமாகச் சொன்னார். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கீபோர்டும் மவுஸும் ஒரே மட்டத்தில், முழங்கையின் உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயும் கீழேயும் மடங்கக் கூடாது. மவுஸைத் தள்ளுவது மணிக்கட்டால் அல்ல, முழங்கையிலிருந்து. இறுக்கிப் பிடிக்காதே, கையை அதன்மேல் சும்மா வை. இடைக்கிடை எழுந்து நட. முடிந்தால் இடது கையைப் பழக்கு. ஒரு சிறிய பட்டையைக் கட்டிவிட்டு, வேலைக்குப் போகும்போது இதைக் கட்டிக்கொண்டு பழைய மாதிரியே தொங்கினால் பிரயோஜனமில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் நாற்காலியில் மடித்த சாக்கைப் போட்டு உயர்த்தினேன். கால் அந்தரத்தில் நின்றது. காலுக்கு ரெண்டு செங்கல் வைத்தேன். மவுஸை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக் கீபோர்டின் பக்கத்தில் நெருக்கினேன். மதியம் அக்கா வந்தாள். அடுத்த நாள் காலையில் சாக்கு முற்றத்தில் கிடந்தது, செங்கல் மதிலோரம், மவுஸ் மறுபடியும் ஸ்டாண்டில்.

"கடைய என்ன, செங்கச்சூளைன்னு நெனச்சியா?" என்றார் முதலாளி.

அடுத்த மாதம் அவருடைய மச்சான் வளைகுடாவிலிருந்து வந்தார். அவர் கையில் ஒரு பெட்டி. உள்ளே பளபளப்பான டிராக்பால். அதை நகர்த்த வேண்டாம். இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் துருத்தி நிற்கும் உருண்டையைப் பெருவிரலால் உருட்டினால் போதும். கை வலிக்காமல் இருக்கவே செய்தது என்று பெட்டியில் எழுதியிருந்ததாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம பிள்ளைக்குக் கை வய்யாதுன்னு சொல்லிச்சு, கல்ஃபுலேருந்து வரவழச்சதாக்கும்" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பெருமையைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நன்றியோடு சிரிக்கவும் வேண்டும்.

எனக்கு வலித்ததே பெருவிரலில்தான். நாள் முழுக்க அதே விரலால் உருட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கூடவே, பெரிய கைக்குச் செய்த பொருள் அது. பட்டனை எட்ட என் விரல்களை விரித்து நீட்ட வேண்டியிருந்தது. அந்த வார இறுதியில் பெருவிரலை மடக்கினால் அடியில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது.

"மொதலாளி, இது எனக்கு ஒக்கல்ல. வேதனை கூடிப் போச்சு."

அவர் முகம் கறுத்தது. "வாங்கித் தராட்டா குத்தம், தந்தா அதுவும் குத்தம். உனக்கு வேதனை கையில இல்லட்டி, மடியிலயாக்கும்."

மடி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவரை நான் மன்னிக்கவில்லை.

அந்த மாதச் சம்பளத்தோடு திருவனந்தபுரம் போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையில், டை கட்டிய விற்பனையாளன் முதலில் எடுத்துக் காட்டியது வலது பக்கம் வளைந்து பெருவிரலுக்குப் பள்ளம் வெட்டிய ஒரு பெரிய மவுஸ். இதுதான் கைக்கு நல்லது, வெளிநாட்டு டிசைன் என்றான். கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளை அப்பனின் செருப்பில் காலை விட்டதுபோல இருந்தது.

"வேற காட்டுங்க."

"எல்லாம் ஒண்ணுதன்னே சேச்சி. கை வச்சு நோக்கான் இது செருப்பல்ல."

"செருப்பவிட கூடுதல் நேரம் இத நான் போட்டிருக்கணும். எடுங்க."

ஒவ்வொன்றாக வாங்கி முழங்கையை இடுப்போடு சேர்த்துக் கையை வைத்தேன். பட்டனை அமுக்கினேன். சிலவற்றில் பட்டன் பழைய கதவுத் தாழ்ப்பாள் மாதிரி பலம் கேட்டது. சிலவற்றின் முதுகு உயர்ந்து மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கியது. விற்பனையாளன் பெருமூச்சு விட்டுக்கொண்டே நின்றான். கடைசியில் எடுத்தது கடையிலேயே மலிவானவற்றில் ஒன்று. சிறியது, தட்டையானது, இரண்டு பக்கமும் ஒரே வடிவம். என் விரல்நுனி நீட்டாமலே பட்டனில் விழுந்தது. லேசாகத் தொட்டாலே சொடுக்கியது. இடது கைக்கும் ஆகும். பெட்டியில் கை வலி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் எங்கள் கடையில் அதை இடது பக்கம் பொருத்தினேன். மெஷினை நிறுத்தி, மாற்றி, மறுபடி இயக்க வேண்டும். பட்டன்களை இடமாற்றினேன், அம்பின் வேகத்தைக் கூட்டினேன். வேகம் கூடினால் கை அதிகம் நகர வேண்டாம். முதல் வாரம் இடது கை குடிகாரனைப் போலத் தடுமாறியது. நேர்க்கோடு போட்டால் நெய்யாறு மாதிரி வளைந்தது. முதலாளி பின்னால் நின்று, "இடங்கை வேல இழவு வேல" என்பார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். மெல்ல மெல்லக் கோடு நேரானது. வலது கையின் மரப்பு குறைய ஆரம்பித்தது.

மதியம் கிளம்பும்போது எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்து, என் மவுஸை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுப் போவேன். ஒரு காலையில் வந்து பார்த்தால் டிராக்பால் கழற்றிக் கிடக்கிறது, என் மவுஸ் பொருத்தப்பட்டிருக்கிறது, அதன்மேல் முகப்பவுடர் வெள்ளை. அந்தப் பவுடர் வாசனை யாருடையது என்று தெரியும். அன்று மதியம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எழும்பு. எனக்க நேரம்" என்றாள் அக்கா.

"எனக்க மவுச ஆரு எடுத்தது?"

"நானாக்கும். என்ன செய்யப் போற?"

"கேட்டிட்டு எடுக்கப்பிடாதா?"

"உனக்கிட்ட நான் கேக்கணுமா?" என்றவள் சட்டென்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். பெருவிரலைக் காட்டினாள். அடிப்பக்கம் வீங்கியிருந்தது. "அந்தச் சனியன உருட்டி உருட்டி இதாக்கும் கெதி. தேங்கா திருவ முடியல்ல. அத்தாங்கிட்ட சொன்னா, உனக்க சீக்கு எனக்கும் ஒட்டிப் பிடிச்சிட்டுன்னு சொல்லுவாரு."

எனக்கு இரக்கம் வரவில்லை. சாக்கையும் செங்கல்லையும் முற்றத்தில் எறிந்தவள் அவள். ஆனாலும் எப்படி உட்கார வேண்டும், கையை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அன்பினால் அல்ல. அவள் பிடிக்கிற பிடியில் என் மவுஸ் உடைந்துவிடும் என்ற பயத்தினால்.

"கைய வைக்கணும்னா மேச தாழணுமே" என்றாள்.

"தாழணும்."

"அப்பம் ஆசாரிய விளி."

முதலாளி ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போன நாளில் எங்கள் ஊர் ஆசாரியைக் கூட்டிவந்தேன். அவர் மேசையைத் தடவிப் பார்த்துத் தயங்கினார். "நல்ல தேக்குல்லா. மொதலாளி சொன்னாரா?"

"சொன்னாரு" என்றாள் அக்கா, கண்ணிமைக்காமல்.

நாங்கள் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினோம். ஆசாரி அளவு பார்த்தார். நான்கு கால்களிலும் ரம்பம் ஏறி இறங்கியது. தொடை இடிக்காமலிருக்க இழுப்பறையையும் கழற்றி எடுத்தோம். ஸ்கேனர் ஸ்டாண்டை மூலைக்குத் தள்ளி, மானிட்டரைப் பின்னுக்கு நகர்த்தி, மவுஸுக்கு இடம் ஒதுக்கினோம். உட்கார்ந்து பார்த்தேன். தோள் தானாகக் கீழே இறங்கியது. இவ்வளவு காலம் அது காதோரம் வரை உயர்ந்து கிடந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் முதலாளி உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். ஏதோ விபத்தைப் பார்த்தவர்போல நின்றார்.

"ஆரு செய்ததுட்டி இது?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வாசலில் நின்ற அக்கா சொன்னாள்: "அவளாக்கும் ஆசாரிய விளிச்சிட்டு வந்தது. நான் வேண்டாம்னு சொன்னேன் அத்தான்."

அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எனக்க அப்பனுக்க மேசையாக்கும் இது!" என்று முதலாளி கத்தினார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எறங்குட்டி. இந்த நிமிசம் எறங்கு."

திரையில் பாதி முடிந்த ஒரு ஞானஸ்நான அழைப்பிதழ் திறந்திருந்தது. நான் அதைச் சேமிக்கவில்லை. குனிந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பின்னாலிருந்து என் மவுஸின் கம்பியைப் பிடுங்கினேன். அம்பு நடுத்திரையில் அப்படியே நின்றது. மவுஸைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அக்கா இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் ஒருவேளை அன்று அவள் முடியைப் பிடித்திருப்பேன்.

வெட்டிய காலை ஒட்டவைக்க முடியாதல்லவா. அதன் பிறகு அவள் அந்தத் தாழ்ந்த மேசையில் சுகமாக உட்கார்ந்து வேலை செய்தாள் என்றும், தன் கைக்கேற்ற ஒரு சின்ன மவுஸை அத்தானிடம் அழுது வாங்கிக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டேன். கேட்டபோது வயிறு எரிந்தது.

முதலாளி என்னைப் பற்றி வட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டார். நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கேட்டுப் போனபோது, அதன் உரிமையாளர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"மேசைய அறுத்தது நீயா?"

"ஆமா."

"எதுக்காக்கும்?"

சொன்னேன். கையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "இஞ்ச மேச இரும்பு" என்றார் கடைசியில். "அறுக்க முடியாது. வேற என்ன வேணும்?"

உயரம் மாற்றுகிற நாற்காலி வேண்டும், கால் வைக்கப் பலகை வேண்டும், மவுஸ் நானே கொண்டுவருவேன் என்றேன். முகத்தைச் சுளித்தார். ஆனால் தமிழ் தட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவருக்கு வேலை தேங்கிக் கிடந்தது. நாற்காலி வர ஒரு மாதம் ஆனது. அதுவரை நான் நின்றுகொண்டே வேலை செய்து அவரை எரிச்சல்படுத்தினேன்.

என் வலது கை பெருமளவு சரியாகிவிட்டது. பெருவிரல் மட்டும் மழைக்காலத்தில் இன்னும் முறுக்கும். அது முறுக்கும்போதெல்லாம் அந்த முதலாளியை மனதாரத் திட்டுகிறேன். அவர் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியும்.